பள்ளி வாசலில் நிற்கும் வயது

ஒரு காலத்தில் நம் சிற்றூர்களில் குழந்தையின் பள்ளி வயதைத் தீர்மானித்தது அதன் வலக்கையே. தலைக்கு மேலாகக் கையை வளைத்து இடப்பக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். தொட முடியாத குழந்தையை அடுத்த ஆண்டு அழைத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டார். தொட்ட குழந்தைக்கு அவரே ஒரு பிறந்த நாளையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். நம் பங்குகளில் உள்ள முதியோர் பலருக்குச் சான்றிதழில் ஒரு பிறந்த நாளும், தாய் சொன்ன பிறந்த நாள் வேறொன்றுமாக இருப்பதன் காரணம் இதுதான்.

காதைத் தொடும் சோதனை இன்று நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் அதில் ஓர் எளிய நியாயம் இருந்தது. குழந்தையின் உடல் வளர்ந்திருக்கிறதா என்று அது பார்த்தது. இன்றைய விதி நாட்காட்டியைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் ஜூலை 31-ஆம் நாளுக்குள் மூன்று வயது நிறைந்த குழந்தை எல்.கே.ஜி.யில் சேரலாம், ஐந்து வயது நிறைந்த குழந்தை முதல் வகுப்பில் சேரலாம். ஆகஸ்டு முதல் நாள் பிறந்த குழந்தை ஓராண்டு காத்திருக்க வேண்டும். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களிலோ, 2022-ஆம் ஆண்டு முதல், மார்ச்சு 31-க்குள் ஆறு வயது நிறைந்த குழந்தைக்குத்தான் முதல் வகுப்பில் இடம்.

இந்த இரு விதிகளும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அருகருகே நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த இரு குழந்தைகளை எண்ணிப் பார்ப்போம். ஒன்று கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிலாளியின் குழந்தை; மற்றொன்று ஆவடியில் மத்திய அரசு ஊழியரின் குழந்தை. முதற்குழந்தை 2025 ஜூனில் அரசுப் பள்ளியின் முதல் வகுப்பில் அமரலாம். இரண்டாவது குழந்தை மத்திய அரசுப் பள்ளியில் அதே வகுப்பில் அமர 2027 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டத்தில், ஒரே மாதத்தில் பிறந்த இருவருக்கிடையே ஏறத்தாழ இரண்டு கல்வியாண்டுகள் இடைவெளி! இவற்றுள் எது சரியான வயது என்று நம் பெற்றோர் கேட்கின்றனர். விடை தேடுமுன், மூன்று, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று வரலாற்றைக் கேட்பது நலம்.

திண்ணையில் தொடங்கிய ஐந்து

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இக்கணக்கெடுப்பின்போது 1823-இல் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கை, பள்ளியில் சேர்க்கும் சடங்கைப் பற்றியும் கூறுகிறது. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் ஆசிரியரும் மாணவரும் அவன் வீட்டுக்கு அழைக்கப்படுவர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அனைவரும் அமர, ஆசிரியர் புதிய மாணவனின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வார். இந்நாளில் விசயதசமியன்று நடக்கும் வித்தியாரம்பமும், நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் குருவானவரின் கையால் அரிச்சுவடி தொடங்கும் வழக்கமும் இதன் தொடர்ச்சியே.

இந்த ஐந்து என்ற எண்ணைச் சூழ்ந்திருந்த நிலைமையைக் கவனிக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற வரிசை இறுக்கமாக இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் அவனவனுக்குரிய நாளில் சேர்ந்தான். அவனவன் வேகத்தில் மணலில் எழுதி, ஓலைக்குப் போனான். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் இராணுவ வீரர்களின் அனாதைச் சிறுவர்க்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆன்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கக் குரு, மணலில் எழுதும் இந்நாட்டு வழக்கத்தைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையோடு இணைத்து, பின்னர் இங்கிலாந்தில் 'சென்னை முறை' என்ற பெயரால் பரப்பினார். இத்தகைய பள்ளியில் ஐந்து வயதோ ஐந்தரை வயதோ பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பிள்ளையின் ஆயத்தத்திற்கேற்பப் பள்ளி வளைந்து கொடுத்தது.

ஆனால் அந்தப் பொற்காலத்தைப் புகழ்வதில் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். மன்றோவின் கணக்கில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அத்திண்ணையில் இடமில்லை. ஆகவே ஐந்து வயது என்ற அந்த எண் எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய எண்ணாக ஒருபோதும் இருந்ததில்லை. வாசல் திறந்திருந்தவர்களுக்கு மட்டுமே அங்கே வயது ஒரு கேள்வியாயிற்று.

ஆலைச் சங்கொலியும் ஏழு வயதும்

எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான வயது என்ற எண்ணம் சட்டத்தில் முதலில் நுழைந்தது பள்ளியின் வழியாக அன்று, ஆலையின் வழியாக. 1881-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தையை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றும் அனுமதித்தது! 1891-இல் அந்த ஏழு, ஒன்பது ஆயிற்று. 1922-இல் பன்னிரண்டு ஆயிற்று. விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில்தான் அது பதினான்கை எட்டியது.

இங்கிலாந்தின் கதையும் வேறன்று. 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஐந்து வயது முதல் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரக் கட்டாயப்படுத்தும் உரிமையை உள்ளூர்ப் பள்ளி வாரியங்களுக்கு அளித்தது. 1880-இல் அக்கட்டாயம் நாடு முழுமைக்கும் ஆயிற்று. ஐந்து வயதே கற்பதற்கு உகந்த வயது என்று எவரும் ஆராய்ந்து நிறுவியதால் அந்த எண் வரவில்லை. விரைவில் தொடங்கினால் விரைவில் முடித்து வேலைக்கு அனுப்பலாம் என்ற கணக்கும், தெருவில் அலையும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்ற கரிசனையும் அதில் கலந்திருந்தன. அந்த ஐந்து இன்றும் அங்கே மாறவில்லை. பின்லாந்தில் ஏழு வயதில் முதல் வகுப்பு தொடங்குகிறது. பிரான்சு நாடோ 2019 முதல் கட்டாயக் கல்வியை மூன்று வயதிலேயே தொடங்கிவிட்டது. அந்த மூன்று வயதுக் குழந்தை அங்கே செல்வது மழலையர் பள்ளிக்கு என்பதையும் மறந்துவிடலாகாது. மனித மூளை எல்லா நாட்டிலும் ஒரே விதமாய் வளர்கிறது. சட்டம் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டைத் தோற்றுவிப்பவை குழந்தைக்கு வெளியே உள்ள காரணங்களே.

குழந்தைகளின் தோட்டம்

முறையான பள்ளிக்கு முந்திய பருவத்திற்கென்று ஓர் இடத்தை உண்டாக்கியவர் செருமானியரான பிரடெரிக் பிராபெல். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தாம் தொடங்கிய நிலையத்திற்கு 1840-இல் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். தோட்டத்தில் செடி தன் பருவத்தில் பூக்கும்; தோட்டக்காரன் நீர் ஊற்றலாம், இழுத்து நீட்டலாகாது. விளையாட்டும் பாட்டும் கைவேலையும் அங்கே பாடங்களாயின. 1851-இல் பிரஷ்ய அரசு இத்தோட்டங்களுக்குத் தடை விதித்தது. 1860-இல்தான் தடை நீங்கிற்று. பிராபெல் அதைக் காணாமலே 1852-இல் மறைந்தார்.

இவருக்குப் பின் வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் பணி நம் தொழிற்பேட்டைப் பெற்றோருக்கு இன்னும் நெருக்கமானது. 1907-ஆம் ஆண்டு சனவரி 6, மூவரசர் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட, சிறு பிள்ளைகள் காவலின்றி மாடிப்படிகளிலும் சுவர்களிலும் குறும்பு செய்து கட்டடத்தைப் பாழாக்குகின்றனர் என்று கட்டட உரிமையாளர்கள் கவலைப்பட்டதே அதற்குத் தொடக்கம். ஆக, உலகம் போற்றும் ஒரு கல்விமுறை, வேலைக்குப் போன தாயின் வெற்றிடத்தில் பிறந்தது. அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இத்தாலியரான அவரால் நாடு திரும்ப இயலவில்லை. அப்போர்க்கால ஆண்டுகளில் சில கொடைக்கானலில் கழிந்தன. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலைத் தானே உறிஞ்சிக் கொள்ளும் என்னும் அவருடைய கருத்து, இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகளிலேயே விரிவாக உருப்பெற்றது.

இந்தியரும் வாளாவிருக்கவில்லை. குசராத்தின் பாவநகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். அவருடன் உழைத்த தாராபாய் மோதக் மராட்டியக் கடற்கரையின் போர்டி என்னும் ஊரில் இதே கல்வியை ஏழைகளின் முற்றத்திற்குக் கொண்டுசென்றார். குழந்தை பள்ளிக்கு வர இயலாவிடில் பள்ளி குழந்தையின் முற்றத்திற்குச் செல்லட்டும் என்பது அவர் கண்ட வழி. 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லின் பின்னே இப்பொருள் இருக்கிறது.

சோறும் பள்ளியும்

தமிழகத்தில் மழலைக் கல்வி சோற்றுடன் சேர்ந்தே வளர்ந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1920-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசரின் ஆட்சியில் மாநிலமெங்கும் விரிந்தது. 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதலே குழந்தைகளைப் பால்வாடிக்கு அழைத்து வந்தது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கூலிவேலைக்குச் செல்லும் தாய்க்கு 'பால்வாடி ஆயா' என்பவர் யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் பெற்றோரின் ஆசை வேறு திசையில் ஓடியது. ஆங்கில வழி நர்சரிப் பள்ளிகள் தெருவுக்குத் தெரு தோன்றின. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற எழுத்துகள் நம் அன்றாடத் தமிழில் கலந்தன. அங்கன்வாடியில் சோறு உண்டு, எழுத்து இல்லை. நர்சரியில் எழுத்து உண்டு, விளையாட்டு இல்லை என்ற நிலை உருவாயிற்று. தோட்டம் என்ற பெயரில் நடந்த இடங்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்முகத் தேர்வு வைத்தனர். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராயிருந்தபோது, 1989-இல், குழந்தைகளின் முதுகை வளைக்கும் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். அப்பேச்சு எழுப்பிய சிந்தனையின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு, 1993-இல் அளித்த அறிக்கையில், நர்சரிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைப்பதை ஒழிக்க வேண்டும் என்றது. சிறு குழந்தைகள்மீது எழுத்தையும் எண்ணையும் திணிப்பதை வன்முறை என்றே கண்டித்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைத் தேர்வுகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அரசியலமைப்பில் நுழைந்த ஆறு

இப்போது ஆறு வயதின் கதைக்கு வருவோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. மேல் எல்லை பதினான்கு. கீழ் எல்லை எதுவும் அதில் இல்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் துணைகொண்டு, பதினான்கு வயது வரை கல்வி பெறுவது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைச் சட்டமாக்க வந்த 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் 'ஆறு முதல் பதினான்கு' என்று எழுதியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை, அரசு முயலும் என்ற பழைய வகை வாக்குறுதி மட்டும் எஞ்சியது.

ஆக, நம் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஆறு என்ற எண் நுழைந்தபோது, அரசின் கடமைக்கு அது ஒரு வேலியாயிற்று. வேலிக்கு உள்ளே இருப்பவனுக்கு உரிமை. வெளியே நிற்பவனுக்கு முயற்சி. இதை நினைவில் கொண்டால்தான் இன்றைய விவாதத்தின் கூர்மை விளங்கும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஓர் அடித்தளப் பருவமாக வகுத்து, முதல் வகுப்பின் வயதை ஆறு என்று குறித்தது. 2022-இல் கேந்திரிய வித்யாலயாக்கள் ஐந்தை ஆறாக்கின. எதிர்த்துச் சென்ற பெற்றோரின் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. கருநாடக அரசு அதே ஆண்டில் ஆறு வயது ஆணை பிறப்பித்தது, ஏற்கெனவே எல்.கே.ஜி.யில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள் ஓராண்டு தேங்கிவிடுவரே என்று பெற்றோர் கலங்க, ஆணை 2025-க்கு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு வந்தபோது, ஐந்து வயது ஐந்து மாதம் நிறைந்தவரையும் அந்த ஓராண்டுக்கு மட்டும் சேர்க்கலாம் எனத் தளர்த்தப்பட்டது. கேரள அரசும் 2026-27 முதல் ஆறு வயது என்று அறிவித்தது. தமிழகம் ஐந்திலேயே நிற்கிறது.

வயதை உயர்த்த வேண்டும் என்போரின் வாதத்தை நாம் எளிதாய் ஒதுக்க முடியாது. ஐந்து வயதுக் குழந்தையின் விரல்கள் நீண்ட நேரம் எழுதுவதற்கு ஆயத்தமாக இல்லை. ஒரே வகுப்பில் ஆகஸ்டில் பிறந்த குழந்தையும் அடுத்த சூலையில் பிறந்த குழந்தையும் அமரும்போது, அவர்களிடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. நாற்பது வயதினர்க்கு ஓராண்டு அற்பம். மூன்று வயதுக் குழந்தைக்கோ அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. இளைய குழந்தை 'மந்தம்' என்ற பட்டத்தைச் சுமக்கிறது. உண்மையில் அது செய்த ஒரே குற்றம் சூலையில் பிறந்தது!

ஆனால் வயதை உயர்த்துவதால் உண்டாகும் அந்தக் கூடுதல் ஓராண்டைக் குழந்தை எங்கே கழிக்கும்? இக்கேள்விக்குத் திருவள்ளூர் மாவட்டம் கூறும் விடை, அதிகாரிகளின் மேசையில் எழுதப்படும் விடையினும் வேறானது.

தொழிற்பேட்டையின் தாய்மார்

1997 சனவரி முதல் நாள் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவள்ளூர், ஒருபுறம் நெல் வயலும் ஏரியும், மறுபுறம் புகைபோக்கியும் கொண்ட மண். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள். எண்ணூரில் அனல்மின் நிலையங்கள். பெரியபாளையம், வெங்கல் பக்கங்களில் செங்கற்சூளைகள். சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்குடும்பமாய் வருகின்றனர். மழைக்காலம் கழிந்து வந்து, கோடை முடிவில் ஊர் திரும்புகின்றனர். பள்ளி சேர்க்கும் ஜூன் மாதத்தில் அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயும் இல்லை, அங்கேயும் நிலைகொள்ளவில்லை. இப்பிள்ளைகளுக்காகச் சூளைகளின் அருகிலேயே ஒடிய மொழிப் பாடநூல்களைக் கொண்டு வகுப்புகள் நடத்திய நல்முயற்சியும் இம்மாவட்டத்தில் நடந்ததுண்டு.

காலை மின்தொடர் வண்டியிலோ நிறுவன வேனிலோ வேலைக்குச் செல்லும் தாய்க்கு, மூன்று வயதில் எல்.கே.ஜி. என்பது முதலில் ஒரு பாதுகாப்பு. கல்வி அதன் பின்னரே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த ஐம்பது முப்பதாயிற்று. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது ஊழியர்—அவர் ஆணோ பெண்ணோ—இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று விரித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஐம்பது என்ற அளவு தொடர்கிறது. ஆனால் பத்துப் பேரும் இருபது பேரும் வேலை செய்யும் சிறு பட்டறைகளுக்கு இவ்விதி எட்டாது. அங்கே உழைக்கும் தாய்க்கு உதவி, அங்கன்வாடியோ அண்டை வீட்டாரோ கட்டணப் பள்ளியோதான்.

இந்நிலையில் ஐந்தை ஆறாக்குவதன் பொருளைக் கணக்கிடுவோம். வசதியுள்ளவர் மேலும் ஓராண்டு நர்சரிக் கட்டணம் செலுத்துவார். ஏழையின் குழந்தை, கட்டணமில்லா அரசுப் பள்ளியின் வாசலை ஓராண்டு தாமதித்து மிதிக்கும். அந்த ஓராண்டுக்கு நல்ல அங்கன்வாடியோ அரசு மழலையர் வகுப்போ இருந்தால் இழப்பில்லை; ஆதாயம்கூட உண்டு. 2019-இல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது இத்திசையில் வைத்த முதல் அடி. 2022-இல் அவ்வகுப்புகளின் ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பப்பட்டபோது பெற்றோர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். வகுப்புகள் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைக் கொண்டு தொடர்ந்தன. ஏழைப் பெற்றோருக்கு இதில் எவ்வளவு பசி இருக்கிறது என்பதற்கு அந்தக் குரலே சான்று. ஆனால் 54,000 மையங்களில் 2,381 என்பது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியுள்ள மையங்கள் ஆயத்தமாகும் முன்னரே வயதை உயர்த்தினால், ஏழையின் குழந்தைக்குக் கிடைப்பது வெறும் காத்திருப்பே.

நம் திருச்சபை காட்டிய ஒரு வழி

வயதை மாற்றுவது பற்றி நம் திருச்சபைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் பருவத்தை எட்டிய அனைவரும் ஆண்டுக்கொரு முறையேனும் நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்றது. அந்தப் பருவம் எது என்பதில் பிற்காலத்தில் கடுமை புகுந்தது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று புதுநன்மையின் வயது ஏறிக்கொண்டே போயிற்று. மறைக்கல்வி முழுவதையும் கற்றுத் தேறியவனே தகுதியுள்ளவன் என்ற எண்ணமே அதற்குக் காரணம். 1910 ஆகஸ்டு 8-ஆம் நாள் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதரின் ஆட்சியில் வெளியான ஆணை, அந்த வயதை ஏறத்தாழ ஏழுக்கு இறக்கியது. சாதாரண அப்பத்திலிருந்து நற்கருணையைப் பிரித்தறிந்தால் போதும், முழு மறைநூலறிவு வேண்டியதில்லை என்றது. குழந்தையின் ஆயத்தத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமும் ஆன்ம குருவிடமும் ஒப்படைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. திருத்தந்தை எண்ணை மட்டும் மாற்றவில்லை. வாசலில் குழந்தையிடம் கேட்கப்படும் கேள்வியையும் மாற்றினார். பளு குறைந்ததால் வயதும் குறைந்தது. பள்ளிக்கும் இதுவே அளவுகோல் ஆகலாம். உள்ளே விளையாட்டும் கதையும் பாட்டும் காத்திருந்தால், மூன்று வயதில் வாசலைத் திறப்பதில் தீங்கில்லை. உள்ளே மூன்று மொழியின் எழுத்தும் வீட்டுப்பாடமும் தேர்வும் காத்திருந்தால், ஆறு வயதுகூட முந்திய வயதே.

வயது விவாதத்தில் பங்குத்தந்தையருக்கு வேறொரு வகையிலும் பங்குண்டு. பிறப்புப் பதிவு பரவாத காலத்தில் திருமுழுக்குப் பதிவேடே பல குடும்பங்களுக்கு வயதுச் சான்றாயிருந்தது. ஏப்ரல் மாதம் வந்தால், பிள்ளையின் பிறந்த நாளைச் சில வாரங்கள் முன்தள்ளி எழுதித் தர இயலுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டு வந்த பெற்றோரை நாம் கண்டதுண்டு. பதிவேட்டின் உண்மையை எவரும் திருத்த முடியாது. ஆயினும் அப்பெற்றோரைப் பொய்யர் என்று தள்ளிவிடவும் நம்மால் இயலவில்லை. அந்தச் சில வாரங்களுக்குப் பின்னே ஒரு தாயின் ஓராண்டுச் சம்பளம் நின்றது. இன்று அக்கோரிக்கைக்கும் இடமில்லை. 2023 அக்டோபர் முதல் நாளும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் அரசின் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அவர்கள் எல்.கே.ஜி.யின் வாசலுக்கு வரும் காலம் இதோ வந்துவிட்டது. சூளையிலும் வாடகைக் குடிசையிலும் பிறந்து பதிவு பெறாத குழந்தைகளை இப்போதே கண்டறிந்து பதிவு செய்ய வைப்பது நம் அன்பியங்களின் கையிலுள்ள பணி. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் தொடக்கக் கல்விச் சேர்க்கையை எப்பள்ளியும் மறுக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுவதையும் அப்பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

நம் முன் நிற்கும் கேள்வி

பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் முதற்பொறுப்பு பெற்றோருடையது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. இப்பொறுப்பை நிறைவேற்ற நேரமே இல்லாத பெற்றோர் நம் ஆலயங்களில் முழந்தாளிடுகின்றனர். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அத்தீர்ப்பு சரியா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. சட்டம் எவ்வாறு முடியினும், சட்டம் கேட்காததைச் செய்யும் உரிமையை எந்த நீதிமன்றமும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை.

எனவே நாம் சிலவற்றைச் செய்யலாம். நம் மழலையர் வகுப்புகளில் நேர்காணல் என்ற பெயரால் குழந்தையைச் சோதிக்காமலிருக்கலாம். யு.கே.ஜி. முடியும் வரை வீட்டுப்பாடத்தை நீக்கிவிடலாம். சூலையில் பிறந்த குழந்தையையும் ஆகஸ்டில் பிறந்த குழந்தையையும் ஒப்பிட்டு மதிப்பெண் இடும் வழக்கத்தை விட்டுவிடலாம். வாரத்தில் ஆறு நாளும் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபத்தில், சிறு பட்டறைகளில் உழைக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கு, அவர்கள் எம்மதத்தவராயினும், ஒரு காப்பகம் நடத்தலாம். பெரிய நிறுவனங்களில் மேலாளராயிருக்கும் நம் பொதுநிலையினர், சட்டம் கூறும் காப்பகம் தங்கள் நிறுவனத்தில் பெயர்ப்பலகையாக மட்டும் இருக்கிறதா, குழந்தைகளின் குரல் அங்கே கேட்கிறதா என்று போய்ப் பார்க்கலாம்.

ஐந்தா ஆறா என்று அரசுகள் முடிவு செய்யட்டும். மூன்று வயதுக் குழந்தை அந்த முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. அது நாள்தோறும் வளர்கிறது. நாசரேத்து இல்லத்தில் சிறுவர் இயேசு ஞானத்திலும் வளர்ந்தார், உடலிலும் வளர்ந்தார் என்று நற்செய்தியாளர் லூக்கா குறித்திருக்கிறார். அவ்வளர்ச்சிக்குப் பின்னே ஒரு தாயின் அருகிருப்பும், ஒரு தந்தையின் உழைப்பும், அமைதியான ஒரு வீடும் இருந்தன. கும்மிடிப்பூண்டியின் தாய் அந்த அருகிருப்பைப் பகல் முழுவதும் விற்றுத்தான் பிள்ளைக்குச் சோறு போடுகிறாள். அவள் விட்டுச்சென்ற அந்தப் பகலை யார் காப்பது என்பதே பள்ளி வயதைப் பற்றிய விவாதத்தின் உட்பொருள்.